காலேஜ்ல அரியர் விழுந்துருச்சு, டாக்டர் ஆசை மட்டும் போகல: அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் குமாரபாளையம். ஊட்டுல தறி. 2017ல பிளஸ்டூ முடிச்ச பேட்ச், அதாவது ரெண்டு வருசம் கட்ஆஃப் கட்ஆஃப்னு படிச்சுட்டு கடைசில இந்த வருசத்துல இருந்து நீட் தான்னு சொன்னாங்க பாருங்க, அந்த பேட்ச். அதுல வரல, ஒரு வருசம் டிராப் போட்டு 2018ல எழுதினேன், அதுலயும் வரல, கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி சேர்ந்து மொத செமஸ்டர்லயே மூணு அரியர். இப்ப ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை. சொந்தக்காரப் புள்ளைங்க, ஜூனியருங்க, அவங்க அப்பாம்மா எல்லாம் ரிசல்ட் வந்த வாரம் போன் பண்ணி ஒரே கேள்வியத் தான் கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒட்டுக்கா எழுதி வெச்சுட்டேன்.

கே: அக்கா, எனக்கு அல்லைடுல ரெண்டு, மெயின்ல ஒண்ணுன்னு மூணு அரியர் இருக்கு. இனி நீட் எழுத முடியாதா?

தாராளமா எழுதலாம் கண்ணு. நீட்டுக்கு உன்ற பி.எஸ்சி மார்க்கை யாருமே பாக்கறதில்ல. பிளஸ்டூல ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படிச்சு பாஸாயிருக்கணும், அந்த மூணுலயும் சேர்த்து பொதுப்பிரிவுன்னா 50 சதவீதம், ஓபிசி எஸ்சி எஸ்டின்னா 40 சதவீதம் இருக்கணும், இங்கிலீஷும் பாஸ் ஆயிருக்கணும், அவ்வளவு தான். காலேஜ்ல நீ பத்து அரியர் வெச்சிருந்தாலும் கவுன்சிலிங்ல ஒருத்தரும் அத கேக்கப் போறதில்ல. ஆனா இதையே சந்தோசமா எடுத்துக்காத, யாரும் கேக்கலைங்கறதுக்காக அரியர் ஏன் விழுந்துச்சுன்னு நீயும் உன்னையக் கேக்காம உட்டுட்டா தான் மாட்டிக்குவ. கீழ அதுக்குத் தனியா ஒரு கேள்வி இருக்கு, அங்க வர்றேன்.

கே: எத்தனை வயசு வரைக்கும் எழுதலாம், எத்தனை தடவை எழுதலாம்?

சேர்ற வருசம் டிசம்பர் 31க்குள்ள 17 முடிஞ்சிருக்கணும். மேல வயசு வரம்பு இல்ல, 2022ல எடுத்துட்டாங்க. தடவைக்கும் கணக்கு இல்ல.

ஆனா நீங்களே ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 21 வயசுல சீட் கிடைச்சுதுன்னு வெச்சுக்குவோம், நாலரை வருசம் படிப்பு, ஒரு வருசம் ஹவுஸ் சர்ஜன், அப்பவே 26 முடிஞ்சு 27. வெறும் எம்பிபிஎஸ்ஸோட நிக்க இப்ப யாருக்கும் மனசில்ல, பிஜிக்கு மறுபடி ஒரு என்ட்ரன்ஸ், அதுக்கு ஒரு வருசமோ ரெண்டு வருசமோ படிப்பு, அப்பறம் மூணு வருசம். முப்பது தாண்டிரும். அது ஒண்ணும் தப்பில்ல, எங்க ஆஸ்பத்திரில அப்படி வந்தவங்க நல்லாத் தான் இருக்காங்க. அந்த முப்பது வரைக்கும் ஊட்டுல யாரு சம்பாதிக்கறாங்க, தங்கச்சி படிப்பு என்ன ஆகும், இதெல்லாம் பேசிட்டு எறங்குங்க.

கே: பி.எஸ்சி முடிச்சுட்டுப் போனா எம்பிபிஎஸ்ல நேரா ரெண்டாவது வருசம் சேரலாமாமே?

இல்லைங்க. இன்ஜினியரிங்ல டிப்ளமோ முடிச்சவங்க சேர்ற மாதிரி லேட்டரல் என்ட்ரி எல்லாம் எம்பிபிஎஸ்ல கிடையாது. பி.எஸ்சி, எம்.எஸ்சி, பி.எச்டி எது முடிச்சிருந்தாலும் மொத வருசம் அனாட்டமில இருந்து தான் ஆரம்பிக்கணும். யாராவது ஏஜென்ட் வேற மாதிரி சொன்னா காசுக்கு அடி போடறாருன்னு அர்த்தம்.

கே: அரியர் வெச்சவன் நீட்ல எப்படி மார்க் எடுப்பான்? ஊட்டுல இதத் தான் கேக்கறாங்க.

கேக்கறதுல தப்பில்ல, ஏன்னா இது தான் உண்மையான கேள்வி. என்ற கதையச் சொல்லிடறேன்.

மொத செமஸ்டர் ரிசல்ட் வந்தப்ப காந்திபுரத்துல டவுன் பஸ்ல நின்னுட்டு இருந்தேன், போன்ல பேஜ் சுத்திட்டே இருந்துச்சு, தொறந்தா வரிசையா ஆர்ஏ, ஆர்ஏ, ஆர்ஏ. மறுபடி எழுதோணுங்கறதுக்கு அவங்க போடற எழுத்து அது. எனக்கு அழுகை கூட வரல, இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் உட்டுட்டு எங்கயோ போய் இறங்கினேன். அன்னிக்கு ராத்திரி நான் நினைச்சது என்னன்னா, எனக்கு இந்தப் படிப்பு புடிக்கல, என்ற மனசு மெடிக்கல்ல இருக்கு, அதனால தான் அரியர், மெடிக்கல் கிடைச்சா பிச்சு ஒதறிருவேன். ரொம்ப வசதியான காரணம். ஆறு மாசம் இதையே சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அப்பறம் அரியர் எழுதறதுக்கு பழைய கொஸ்டின் பேப்பரை எடுத்து வெச்சுட்டு உக்காந்தப்ப தான் வெளிச்சமே. கெமிஸ்ட்ரில எனக்கு ஈக்விலிப்ரியமும் வரல, எலெக்ட்ரோகெமிஸ்ட்ரியும் வரல. அட, இது ரெண்டுமே பிளஸ்டூ பாடம், நீட்லயும் எனக்கு இதுலயே தான் மார்க் போச்சு! பிளஸ்டூல ப்ளூபிரின்ட் வெச்சு, எந்தப் பாடத்துல இருந்து பத்து மார்க் வருமோ அத மட்டும் மனப்பாடம் பண்ணி தப்பிச்சுட்டேன். நீட்ல தப்பிக்க முடியல, காலேஜ்லயும் முடியல. லேப்ல டைட்ரேசன், அதாவது ஒரு கரைசல்ல இன்னொண்ணைச் சொட்டு சொட்டா உடற சோதனை, பண்ணறப்ப லேசா ரோஸ் கலர் வந்ததும் நிறுத்தோணும், நான் ஒவ்வொரு தடவையும் பீட்ரூட் ஜூஸ் கலருக்கு உட்டுருவேன், மேடம் வந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம போவாங்க. கையில பொறுமை இல்ல, அடில அடிப்படையும் இல்ல.

அதனால நீங்க எந்த முடிவு எடுக்கறதுக்கு முன்னாடியும் இத ஒண்ண பண்ணுங்க. ஃபெயிலான ஒவ்வொரு பேப்பரையும் எடுத்துட்டு, ஏன் போச்சுன்னு ஒரு வரில எழுதுங்க. பாடம் புரியலையா, புரிஞ்சும் எழுத நேரம் பத்தலையா, ஹாஸ்டல்ல தூங்கவே முடியலையா, தமிழ் மீடியத்துல இருந்து வந்து இங்கிலீஷ்ல எழுத வரலையா, இல்ல கிளாஸுக்கே போகலையா. தமிழ் மீடியம் தான் காரணம்னா நீட்டை தமிழ்லயே எழுதலாம், அது சரியாகற விசயம். ஊட்டுல அப்பாவுக்கு முடியாம போய் நீ தான் தறி பாத்துட்டு இருந்தேன்னா அதுவும் சரியாகற விசயம். கெமிஸ்ட்ரியும் ஃபிசிக்ஸும் பிளஸ்ஒன்ல இருந்தே ஓட்டைன்னா அதுவும் சரியாகும், ஆனா ஆறு மாசத்துல ஆகாது. போன் தான் காரணம்னா, அதுக்கு இடம் மாத்தறது மருந்தில்ல, கோச்சிங்குக்குன்னு ராஜஸ்தான்ல இருக்கற கோட்டா ஊருக்கே போய் உக்காந்தாலும் போன் கூடவே தான் வரும்.

கே: அப்ப காலேஜை நிறுத்திட்டு ஒரு வருசம் முழுசா நீட்டுக்குப் படிக்கட்டுமா?

எந்த வருசத்துல இருக்கறேங்கறதப் பொறுத்து. மொத வருசம், மொத செமஸ்டர், அரியர் நாலஞ்சு, போன தடவை நீட்ல சீட்டுக்குப் பக்கத்துல வந்து போச்சுன்னா நிறுத்தறத யோசிக்கலாம். மூணாவது வருசத்துல வந்து நின்னுட்டு நிறுத்தறேன்னு சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன், டிகிரிய முடிச்சுட்டு எழுது. கையில டிகிரி இருந்து நீட் வரலைன்னா வேற வழி பாக்கலாம், டிகிரியும் இல்லாம நீட்டும் இல்லாம 22 வயசுல பிளஸ்டூ சர்டிபிகேட்டோட நின்னா ஊட்டுல இருக்கறவங்கள விட உனக்குத் தான் வெசனம் எச்சாகும்.

படிச்சுட்டே எழுதறேங்கறவங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கு, இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. நீட் வழக்கமா மே மாசம் மொத ஞாயித்துக்கிழமை. நம்ம பக்கத்து காலேஜ்ல ஈவன் செமஸ்டர் எக்ஸாம் ஏப்ரல், மே. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காரும். என்ற கூடப் படிச்ச ஒருத்தி பைனல் இயர்ல இதச் சமாளிச்சா, எப்படின்னா நவம்பர் எக்ஸாம்லயே பழைய அரியர் எல்லாத்தையும் க்ளியர் பண்ணிட்டா, ஏப்ரலுக்கு அஞ்சே பேப்பர் தான் மிச்சம். டிசம்பர்ல இருந்து காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஏழு வரைக்கும் நீட், அப்பறம் காலேஜ். அவளுக்கு அந்த வருசம் வரல, டிகிரி முடிச்ச அடுத்த வருசம் எம்பிபிஎஸ் கிடைச்சுது.

நிறுத்தறதுன்னு முடிவாயிருச்சுன்னா முறையா எழுதிக் குடுத்து டிசி வாங்கிட்டு வா, சும்மா போகாம இருந்துடாத, பின்னாடி கவுன்சிலிங்குக்குப் போறப்ப தான் அலைய உடுவாங்க. ஒரிஜினல் மார்க்சீட்டைக் காலேஜ் புடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லிருச்சு. நான் ஒரு தடவை போனதுக்கு என்னைய மூணு நாள் ஆபீஸ் வாசல்ல நிக்க வெச்சாங்க, அந்த நோட்டீஸை பிரின்ட் எடுத்துட்டுப் போனப்பறம் தான் பீரோவே தொறந்துச்சு.

கே: போன தடவை 390 வந்துச்சு. இன்னும் நூறு மார்க் எச்சா எடுத்தா கிடைச்சிருமா?

மார்க்கை வெச்சுப் பேசாத தம்பி, ரேங்கை வெச்சுப் பேசு. 720 மார்க் தான் எப்பவும், ஆனா ஒரு வருசம் பேப்பர் ஈசி, ஒரு வருசம் ஃபிசிக்ஸைப் பாத்தே பாதிப் பேரு அழுதுட்டு வந்தாங்க. 2024ல பொதுப்பிரிவுக்கு குவாலிஃபை ஆக 162 வேணும், 2025ல 144 போதும்னு ஆச்சு. 2025ல இந்தியாவுலயே மொதல்ல வந்தவருக்கு 686, அதுக்கு முந்தின வருசம் 720க்கு 720 எடுத்தவங்களே பல பேரு. அப்பறம் 390ங்கறதுக்கு என்ன அர்த்தம்?

குவாலிஃபை வேற, சீட் வேற, இதுலயும் நெறைய பேரு ஏமாந்துடறாங்க. 2025ல கிட்டத்தட்ட 22 லட்சம் பேரு எழுதி 12 லட்சத்துக்கு மேல குவாலிஃபை ஆனாங்க. நாடு முழுக்க எம்பிபிஎஸ் சீட்டு, தனியாரையும் சேத்து, ஒண்ணேகால் லட்சத்துச் சுத்துல தான். குவாலிஃபை ஆயிட்டான்னு கெடா வெட்டின ஊடு எங்க தெருவுலயே இருக்கு.

நீ பாக்க வேண்டியது தமிழ்நாட்டு கவுன்சிலிங்ல உன்ற பிரிவுல போன வருசம் கடைசியா சீட் வாங்கினவங்க எந்த ரேங்க், அதுக்கும் உனக்கும் எத்தனை தூரம். இன்னொண்ணு, பழைய புக்கை வெச்சுட்டுப் படிக்காத. 2024ல இருந்து சிலபஸ் மாறிருச்சு, சில பாடங்க போச்சு, சிலது வந்துச்சு. கேள்வியும் 2025ல இருந்து 180 தான், மூணு மணி நேரம், சாய்ஸ் கிடையாது. அண்ணன் 2022ல படிச்ச மெட்டீரியல் அட்டாலில கிடக்குதுன்னு அதையே எடுத்துப் படிச்சா அது பாதி வேலைக்கு ஆகாது.

கே: நான் கவர்மென்ட் ஸ்கூல். கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கு இன்னும் உண்டா, ரெண்டு வருசம் ஆயிருச்சே?

உண்டு, அது ரிப்பீட்டருக்கும் தான். ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும். எய்டட் ஸ்கூல், அதாவது அரசு உதவி வாங்கற தனியார் ஸ்கூல், இதுல வராது, நம்ம பக்கம் நெறைய பேருக்கு அது தெரியாம கவுன்சிலிங் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வர்றாங்க. இதுல எனக்கு ஆத்தாமையா இருக்கறது என்னன்னா, பத்தாவது வரைக்கும் ஊர் கவர்மென்ட் ஸ்கூல்ல நல்லா படிச்ச புள்ளைய, டாக்டர் ஆக்கணும்னு கடன் வாங்கி நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல பிளஸ்ஒன் சேத்தறாங்க பாருங்க, அன்னிக்கே அந்தப் புள்ளைக்கு 7.5 போயிருது. காசு குடுத்து வாய்ப்பைத் தொலைக்கறது.

அப்படியே இதையும் பாத்துக்குங்க, நம்மகிட்ட இருக்கற பிசி சர்டிபிகேட் மாநில ஒதுக்கீட்டுக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டுல 27 சதவீதம் வேணும்னா மத்திய அரசு ஓபிசி சர்டிபிகேட் தனியா எடுக்கணும், அதுக்கு வருமானக் கணக்கு உண்டு. மே மாசம் போனா தாலுகா ஆபீஸ்ல கூட்டம் தாங்காது, எந்தத் தேதிக்கு அப்பறம் எடுத்தது செல்லும்னு பாத்துட்டு அதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுருங்க.

கே: ஏனுங்க, பையன் மூணு தடவை எழுதிட்டானுங்க. காட்டுல ஒரு ஏக்கரா வித்துட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிரலாம்னு ரோசனைங்க. என்னங்க சொல்றீங்க?

அண்ணா, வேண்டாம்னு ஒரே வார்த்தைல சொல்லிட முடியாதுங்க, அங்க போய் படிச்சு வந்து நல்லா இருக்கறவங்களும் இருக்காங்க. ஆனா விக்கறதுக்கு முன்னாடி நாலு விசயம் பாருங்க. வெளிநாட்டுக்குப் போறதுக்கும் நீட்ல குவாலிஃபை ஆயிருக்கணுங்க. படிப்பு இங்கிலீஷ்ல, குறைஞ்சது 54 மாசம் இருக்கணும், அது போக அதே நாட்டுலயே ஒரு வருசம் இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து இங்க இன்னொரு வருசம். நடுவால எஃப்எம்ஜிஇன்னு ஒரு ஸ்கிரீனிங் டெஸ்ட், 300க்கு 150 எடுக்கணும், அதுல பாதிப் பேரு கூடத் தேறறதில்லைங்க. பையனுக்கு இங்க காலேஜ்ல அரியர் விழுந்தது பாடம் புரியாமன்னா, பாஷை தெரியாத ஊர்ல, ஐஸ் கொட்டற குளிருல, தனியா போய் அது புரியுங்களா? அதைத் தான் நீங்க அவனக் கூட்டி உக்கார வெச்சு கேக்கணும். ஏஜென்ட் ஆபீஸ்ல ஏசில உக்காந்துட்டுக் கேக்காதீங்க, ஊட்டுத் திண்ணைல கேளுங்க.

காடு போனா போனது தானுங்க அண்ணா. நம்ம பக்கம் வித்த நிலத்தை திரும்ப வாங்கினவங்களை நான் பாத்ததில்ல.

கே: எங்க சித்தப்பா பொண்ணு அமெரிக்கால ப்ரீமெட், அதாவது மெடிக்கலுக்குப் போறதுக்கு முன்னாடி படிக்கற டிகிரி. அவளுக்கும் கெமிஸ்ட்ரில சி கிரேடு வந்துருச்சாம், அவளும் அழுவறா. அங்கயும் இப்படித் தானா?

அங்க நேர் தலைகீழ். அங்க மெடிக்கல் ஸ்கூல் போறதே டிகிரி முடிச்சப்பறம், காலேஜ் மார்க் அத்தனையும் பாப்பாங்க, சயின்ஸ் மார்க்கைத் தனியாவும் கணக்கெடுப்பாங்க, அது போக எம்கேட்னு 528க்கு ஒரு பரீட்சை. ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்து நல்ல மார்க் வாங்கினாலும் பழைய மார்க்கும் கணக்குல நிக்கும். அதனால அவங்க டிகிரிக்கு அப்பறம் ஒண்ணு ரெண்டு வருசம் எச்சா கோர்ஸ் படிச்சு, நான் மாறிட்டேன்னு காட்டிட்டு அப்பறமா அப்ளை பண்றாங்க. ஒரு சி க்கு கதவு சாத்தாது, அழுவாதன்னு சொல்லு. நமக்கு அந்த பாரம் இல்ல, அதே சமயம் நான் மாறிட்டேன்னு காட்ட நமக்கு அந்த ஒரு நாள் மூணு மணி நேரத்தை உட்டா வேற இடமும் இல்ல.

கே: டாக்டர் இல்லைன்னா வேற என்ன தான் இருக்கு? நர்சிங்கா?

ஏன், நர்சிங்னா கேவலமா? எங்க ஐசியுல ராத்திரி ரெண்டு மணிக்கு பேஷண்டுக்கு மூச்சு மாறறத மொதல்ல கண்டுபுடிக்கறது சிஸ்டர் தான். சரி, கேள்விக்கு வர்றேன். மறுபடி மொதல்ல இருந்து சேர ரெடின்னா பி.எஸ்சி நர்சிங், பி.ஃபார்ம் எல்லாம் தமிழ்நாட்டுல பிளஸ்டூ மார்க்ல தான். ஆடு மாடு புடிக்கும்னா கால்நடை மருத்துவம், அதுவும் மாநில ஒதுக்கீட்டுல பிளஸ்டூ மார்க் தான், நாமக்கல்லயும் உடுமலைலயும் காலேஜ் இருக்கு, கோழிப்பண்ணை ஊர்ல அந்த டாக்டருக்கு இருக்கற மரியாதைய நேர்ல போய் பாருங்க. ஆனா கட்ஆஃப் கம்மின்னு நினைச்சுக்காதீங்க, அதுக்கும் சண்டை தான். சித்தா, ஹோமியோ, பல் மருத்துவத்துக்கு எல்லாம் நீட் வேணும்.

கையில இருக்கற பி.எஸ்சியவே முடிச்சாலும் மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி எம்.எஸ்சி, ஆஸ்பத்திரி நிர்வாகம், பப்ளிக் ஹெல்த், கருத்தரிப்பு மையத்துல எம்பிரியாலஜின்னு போகலாம். மெடிக்கல் கோடிங்குக்கு, அதாவது பேஷண்ட் ரெக்கார்டைப் பாத்து கோட் நம்பர் போடற வேலைக்கு, கோயமுத்தூர்ல ஆள் எடுத்துட்டே இருக்காங்க, மொத சம்பளம் சுமார் தான், கண்ணு எரியும், ஆனா ஊட்டுக்கு உடனே காசு வேணும்னா அது ஒரு வழி. இதுக்கெல்லாம் மொதல்ல அரியர் க்ளியர் ஆகணும்.

கே: மெடிக்கல் சேந்தப்பறம் அங்க ஃபெயில் ஆனா?

மொத வருசத்தை நாலு அட்டெம்ப்ட்டுக்குள்ள பாஸ் பண்ணணும், மொத்தப் படிப்பையும் சேந்ததுல இருந்து ஒம்பது வருசத்துக்குள்ள முடிக்கணும். படிக்கற பழக்கத்தை இங்கயே சரி பண்ணுங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், அங்க புக்கு ஒண்ணொண்ணும் செங்கல்லு கணக்கா இருக்கும்.

கே: ஊட்டுல இன்னும் அரியர் விசயமே சொல்லல. அம்மிச்சி போற பக்கமெல்லாம் பேரன் டாக்டருக்குப் படிக்கறான்னு சொல்லிட்டு இருக்கு.

மொதல்ல ஒருத்தர்கிட்ட சொல்லு, ஊட்டுலயே யாரு கத்தாம கேப்பாங்களோ அவங்ககிட்ட. எனக்கு அது மாமா. அவரு பைக்ல பவானி கூடுதுறைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு பொரி பாக்கெட் வாங்கிக் குடுத்துட்டு, சொல்லுன்னாரு. சொன்னேன். எத்தனை பேப்பர், எப்ப மறுபடி பரீட்சை, பீஸ் எவ்வளவுன்னு மூணே கேள்வி கேட்டாரு. அப்பாகிட்ட அவரே சொல்லிட்டாரு. அப்பா ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் சாப்பாட்டுல உப்பு எச்சுன்னு பேசினாரு. அம்மிச்சிக்குப் புரியற மாதிரி யாரும் சொல்லல, இன்னிக்கு வரைக்கும் அதுக்கு நான் ஆஸ்பத்திரில டாக்டர் தான், உட்டுட்டேன்.

ராத்திரி தூக்கமில்லாம, உயிரோட இருந்து என்னங்கற மாதிரி நினைப்பு வந்துச்சுன்னா அப்பவே, அந்த நிமிசமே, 14416 இல்லைன்னா 104க்கு போன் பண்ணு. காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். என்ற நம்பர் வெச்சிருக்கறவங்க எனக்கும் எந்த நேரம்னாலும் அடிக்கலாம், நைட் டூட்டில முழிச்சுட்டுத் தான் இருப்பேன்.

கே: நீங்க ஏன்க்கா மூணாவது தடவை எழுதல?

இத எல்லாரும் கடைசில தான் கேக்கறீங்க. அடுத்த தடவைக்கும் அப்ளிகேசன் போட்டேன். போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏத்திட்டு பீஸ் கட்டற பக்கம் வரைக்கும் வந்துட்டேன். அரியர் பீஸும் நீட் பீஸும் ஒரே வாரம், கையில ஒண்ணுக்குத் தான் காசு, அப்பாகிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பாரு, தறி ஓடாத மாசம்னாலும் எங்கயாவது வாங்கிக் குடுத்திருப்பாரு. நான் கேக்கல. அரியர் கட்டிட்டு, மறுநாள் லேப்ல பழைய டைட்ரேசனையே மேடம்கிட்ட பர்மிசன் வாங்கி மறுபடி பண்ணினேன், நாலாவது தடவை தான் அந்த லேசான ரோஸ் கலர்ல நின்னுச்சு. அந்த அப்ளிகேசன் நம்பர் இன்னும் என்ற பழைய நோட்டுல பென்சில்ல எழுதி இருக்கு, அழிக்கல.